மிரிஸ்ஸாவில் நீலத் திமிங்கிலங்களைக் கொல்வது யார்?

கேள்வி: 2024 ஜனவரி 6

இலங்கையின் தென்கரையில், திமிங்கிலம் பார்க்கப் படகு விடும் மிரிஸ்ஸாவுக்குப் போய் வந்தேன். ஒரு நீலத் திமிங்கிலம் மூச்சுவிட மேலே வந்தால் போதும், நாலு பக்கமிருந்தும் படகுகள் பாய்கின்றன. பார்க்கவே கூசியது. இலங்கைக் கடலில் இந்த விலங்கு அழிந்தால் அதற்குச் சுற்றுலாதான் காரணம். யாரும் அங்கே போகாதீர்கள். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

ஜனவரி 6, இரவு

பாதியை மறுக்கிறேன். படகுகள் துரத்துவது உண்மை. 100 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது என்று 2012இலேயே விதி வந்துவிட்டது. பின்பற்றும் படகோட்டிகளும் இருக்கிறார்கள், விதியைக் கேள்விப்படாதவர்போல் நடப்பவர்களும் இருக்கிறார்கள். துரத்தினால் இரை தேடும் நேரம் வீணாகும், மூச்சு வாங்க அவகாசம் கிடைக்காது. எல்லாம் சரி. ஆனால் அந்தப் படகு மோதி, 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு விலங்கின் முதுகெலும்பு முறிவதில்லை.

நீங்கள் படகில் இருந்தபோது தெற்கே அடிவானத்தில் கப்பல்கள் வரிசையாகப் போயிருக்குமே, கவனித்தீர்களா? கொல்வது அவைதாம். 2012 மார்ச்சில் ஒரு கொள்கலன் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. அதன் முகப்பில் குறுக்காக ஒரு நீலத் திமிங்கிலத்தின் உடல் மடிந்து தொங்கியது. படம் அப்போது பலரும் பார்த்ததுதான்.

நான் அந்த வரிசையில் இருந்தவன். தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாகப் பல வருடம் இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையைக் கடந்து போனவன். ஆகவே இது பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு, உறுத்தலும் உண்டு.

ஜனவரி 7

“இவ்வளவு பெரிய விலங்கு, பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையில், நிற்பவர் கண்ணுக்குத் தெரியாதா? தூங்கினீர்களா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தூங்கவில்லை. இரண்டாம் அதிகாரிக்கு வாட்ச், அதாவது பிரிட்ஜில் நிற்கும் முறை, பன்னிரண்டு முதல் நாலு வரை, பகலிலும் இரவிலும். மலாக்கா நீரிணையிலிருந்து சூயஸ் கால்வாய் நோக்கிப் போகும்போது பகல் வாட்சில் சூரியன் நேர் எதிரே சரியும். கடல் முழுக்கத் தகதகவென்று வெள்ளித் தகடு. அதில் திமிங்கிலம் விடும் மூச்சு, ஒன்பது மீட்டர் உயரம் எழுந்தாலும், இரண்டு மூன்று நொடியில் கரைந்துவிடும். கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் மதியம் மூன்று மணிக்கு எல்லா அலையும் திமிங்கிலம்தான்.

அடுத்தது, கப்பலின் முன்னால் உள்ள குருட்டுப் பகுதி. பிரிட்ஜ் பின்னால் இருக்கும், முன்னால் கொள்கலன்கள் மாடி மாடியாக. சர்வதேச விதியே இதை அனுமதிக்கிறது: முகப்புக்கு முன்னால் இரண்டு கப்பல் நீளம் அல்லது 500 மீட்டர், இவற்றில் எது குறைவோ அதுவரை கடல்மட்டம் மறைந்திருக்கலாம். 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) வேகத்தில் 500 மீட்டரைக் கடக்க 54 நொடி. அந்த 500 மீட்டருக்குள் ஒரு திமிங்கிலம் மேலே வந்தால் அது எனக்கு இல்லாத திமிங்கிலம். அதற்கு வெளியே கண்டுவிட்டாலும்? முழு வேகத்தில் போகிற பெரிய கப்பல் நிற்க மைல் கணக்கில் இடம் வேண்டும். சுக்கானைத் திருப்பினால் முதலில் வருவது பக்கத்துக் கப்பலின் கேப்டனுடைய வசவு.

இரவு வாட்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மீன்பிடிப் படகுகளின் மினுக்கு விளக்குகள், ராடாரில் மழைத் திட்டுகள், வி.எச்.எப். வானொலியில் சிங்களமும் தமிழும் கலந்த கூச்சல். நீலத் திமிங்கிலங்கள் பகலைவிட இரவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் மேல்மட்டத்தில் கழிக்கின்றன என்று கலிபோர்னியாப் பக்கம் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

ஹாரன் அடிக்கலாமே என்பவருக்கு: கலிபோர்னியாவிலேயே இன்னொன்றும் பார்த்தார்கள். கப்பல் நெருங்கும்போது நீலத் திமிங்கிலம் பக்கவாட்டில் விலகுவதில்லை. மெதுவாக, ஆழமில்லாமல் அமிழப் பார்க்கிறது, அதுவும் சில நேரம்தான். இத்தனை லட்சம் வருடங்களில் தன்னைவிடப் பெரிய எதையும் அது சந்தித்ததில்லை. ஓடி ஒளியும் பழக்கம் எங்கிருந்து வரும்? தவிர, கப்பலின் சத்தம் பின்னால், சுழலியில். நேர் முன்னால் கப்பலின் உடலே அதை மறைத்துவிடுகிறது.

ஜனவரி 9

திமிங்கிலமும் கப்பலும் ஏன் அதே இடத்தில் கூடுகின்றன என்று கேட்டது நல்ல கேள்வி. இரண்டுக்கும் ஒரே காரணம்: ஆழம். இலங்கையின் தெற்கு முனையில் கண்டத்திட்டு மிகக் குறுகல். கரையிலிருந்து சில மைல் தாண்டினாலே தரை சட்டென்று இறங்கிவிடும். பருவக்காற்று நீரோட்டங்கள் அங்கே அடிநீரை மேலே கொண்டுவரும், இரை பெருகும், திமிங்கிலம் வரும். ஆழம் கரைக்கு அருகிலேயே இருப்பதால் கப்பலும் முனையை ஒட்டித் திரும்பும். கிழக்கே மலாக்கா, மேற்கே ஏடனும் பாரசீக வளைகுடாவும். நடுவில் இந்த ஒரு முனை. எல்லோரும் அதைத் தொட்டுத்தான் திரும்புகிறார்கள்.

அங்கே கப்பல்களுக்கு இருவழிப் பாதை பிரித்திருக்கிறார்கள். வலப்பக்க விதிப்படி மேற்கே போகிறவர்களுக்கு வடக்குப் பாதை. அதாவது கரைக்கு, திமிங்கிலத்துக்கு, மிரிஸ்ஸாப் படகுகளுக்கு அருகில் இருப்பது.

இன்னொன்று. துருவக் கடல் நீலத் திமிங்கிலங்கள்போல இவை குளிர்ந்த கடலுக்கும் வெதுவெதுப்பான கடலுக்கும் இடையே ஆண்டுதோறும் பயணம் போவதில்லை. இந்து சமுத்திரத்தின் வடபாதியிலேயே பிறந்து, தின்று, குட்டிபோடுகிற தனிக் கூட்டம், உருவத்திலும் சற்றுச் சிறியது. இங்கே செத்தால் ஈடுகட்ட அண்டார்டிகாவிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

உணவும் வேறு. மற்ற இடங்களில் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரைத் தின்னும் விலங்கு, இங்கே செர்ஜெஸ்டிட் என்ற சின்ன இறால் வகையைத் தின்கிறது. இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் பதிவு செய்தது. நம் ஊர்க் கூனி இறாலும் அந்தக் குடும்பம்தான்.

ஜனவரி 9, இரவு

கூனிப் பொடி செய்முறை கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். திமிங்கிலத்துக்குப் பதிலே வரவில்லை, பொடிக்கு வருகிறது. வறுக்கும்போது காம்பு கிள்ளாத மிளகாய் போடுங்கள். அவ்வளவுதான் இங்கே சொல்வேன்.

ஜனவரி 13

சரி, என்ன செய்யலாம். என் கருத்து ஒன்றே ஒன்று: கப்பலோட்டியின் கண்ணை நம்பாதீர்கள், பாதையை நகர்த்துங்கள். விழிப்பாக இருங்கள் என்று சுற்றறிக்கை அனுப்புவது அலுவலகத்தின் மனசாட்சிக்கு மருந்து. திமிங்கிலத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அப்படிப்பட்ட சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டு, கோப்பில் செருகி, அதே பாதையில் அதே வேகத்தில் போனவன் நான்.

2016இல் வெளியான ஆய்வு இதை அளந்தே சொல்லியிருக்கிறது. இலங்கையின் ருஹுணு பல்கலைக்கழகத்தாரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து படகில் கோடுகோடாகப் போய், எங்கே எத்தனை திமிங்கிலம், எங்கே எத்தனை கப்பல் என்று எண்ணினார்கள். கப்பல் பாதை 15 கடல் மைல் தெற்கே போனால் மோதும் அபாயம் 95 சதவீதம் குறையும் என்பது முடிவு. திமிங்கிலங்கள் கண்டத்திட்டின் விளிம்பை ஒட்டிக் கூடுகின்றன, தெற்கே போகப் போகக் குறைந்துவிடுகின்றன. இவ்வளவு சுலபமான தீர்வு உள்ள சுற்றுச்சூழல் பிரச்சினையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

“15 மைல் கூடுதல் என்றால் எவ்வளவு டீசல்” என்று கேட்பார்கள் என்பதால் நானே கணக்குப் போட்டேன். 15 மைல் தெற்கே திரும்பினால் பயணம் 15 மைல் நீளாது. சுமத்ராவின் அச்சே முனையிலிருந்து தேவேந்திரமுனைக்கு ஏறக்குறைய 860 மைல், அங்கிருந்து மினிக்காய் பக்கமுள்ள எட்டுப் பாகைக் கால்வாய்க்கு ஏறக்குறைய 470. நடுவில் உள்ள திருப்பத்தை மட்டும் கீழே இழுங்கள். கிழக்குக் கோடு அரை மைல் நீள்கிறது, மேற்குக் கோடு நாலரை மைல். மொத்தம் ஐந்து. 16 நாட் வேகத்தில் இருபது நிமிடம்கூட இல்லை. சூயஸ் வாசலில் நங்கூரமிட்டு வரிசைக்காகக் காத்திருந்த நேரத்தில் நாங்கள் கேரம் போட்டியே நடத்தி முடித்திருக்கிறோம்.

ஜனவரி 14

கண்டியிலிருந்து எழுதும் அன்பர் சொல்கிறார்: “பாதை தள்ளிப்போனால் காலித் துறைமுகத்துக்கும் அம்பாந்தோட்டைக்கும் வருகிற வியாபாரம் போய்விடும். எங்கள் பொருளாதாரம் இருக்கிற இருப்பில் திமிங்கிலத்துக்காக அதை விடச் சொல்கிறீர்களா?”

இந்தக் கவலையை நான் கேலி செய்யமாட்டேன். காலிக்கு வெளியே கப்பலை நிறுத்தி ஆள் மாற்றுவது, உதிரிபாகம் ஏற்றுவது எல்லாம் உண்மையான வருமானம். லாஞ்சில் ஏணி வழியாக இறங்கி நானே வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஆனால் ஒரு கப்பல் காலியில் நிற்பதா வேண்டாமா என்பதை, முன்கூட்டியே முகவரிடம் பேசி, கம்பெனி முடிவு செய்கிறது. ஜன்னல் வழியாகக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு, ‘அடடே, காலி வந்துவிட்டதே, அரிசி வாங்கிக்கொள்வோம்’ என்று எந்தக் கேப்டனும் திரும்புவதில்லை. வேலை உள்ளவன் பிரதான பாதையை விட்டு விலகி உள்ளே வருவான். இப்போதும் அப்படித்தான் வருகிறான்.

திமிங்கிலத்தை ஒதுக்கிவைத்தாலும் மீனவர்களுக்காகவே பாதையை நகர்த்த வேண்டும். மாத்தறைப் பக்கத்துச் சிறு படகுகள் தினமும் அந்தப் பாதையைக் குறுக்காகக் கடக்கின்றன. நள்ளிரவில் கூட்டமான அந்தப் பகுதியைத் தாண்டும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்ததெல்லாம் அவற்றுக்காகத்தான். உண்மையைச் சொன்னால், திமிங்கிலத்தின் நினைவே வந்ததில்லை.

ஜனவரி 15

நேற்றையதற்கு ஓர் இணைப்பு. இதைக் கப்பல் கம்பெனிகள் எதிர்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். எம்.எஸ்.சி. உலகின் மிகப்பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனம். 2022இன் நடுவிலிருந்து அது தன் கப்பல்களைத் தானாகவே ஏறக்குறைய 15 மைல் தெற்கே அனுப்புகிறது. யாரும் சட்டம் போடவில்லை. கரைக்கு அருகே வர வேண்டிய தன் கப்பல்களை 10 நாட் வேகத்துக்குக் கீழே போகச் சொல்லியிருக்கிறது. கூடுதல் எரிபொருள் கட்டுப்படியாகாது என்ற வாதம் அதோடு முடிந்தது.

மற்றவர்கள் ஏன் போகவில்லை? பாதுகாப்புக் காரணம் ஒன்று உண்டு. இருவழியாகப் பிரித்த பாதையில் எல்லோரும் ஒரே ஒழுங்கில் போவார்கள். வெளியே போனால் எதிரே யார் எப்படி வருவார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆளாளுக்கு ஒரு பாதை என்பது கடலில் நல்லதில்லை. அதனால்தான் அதிகாரபூர்வமாகவே நகர்த்த வேண்டும் என்கிறேன். அதற்கு லண்டனில் உள்ள சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் கரையோர நாடு முன்மொழிய வேண்டும். கோரிக்கை வைக்க வேண்டியது கொழும்பு.

முன்மாதிரி இல்லாத காரியமும் இல்லை. கனடா 2003இல் ஃபண்டி விரிகுடாவில் பாதையை நகர்த்தியது. அங்கே திமிங்கில இனம் வேறு, கதை ஒன்றுதான். பாஸ்டன் வாசலில் அமெரிக்கா 2007இல் செய்தது. இரண்டு இடத்திலும் துறைமுகங்கள் இன்றைக்கும் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஜனவரி 20

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தேவேந்திரமுனை என்றதும் ஒருவர் தெனாவரம் கோயிலைக் கேட்டார். ஆமாம், அதே இடம்தான். கடலிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியும்படி முனையிலேயே பெரிய கோயில் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் மொராக்கோப் பயணி இபின் பதூதா பார்த்திருக்கிறார். போர்த்துக்கீசியர் 1588இல் இடித்தார்கள். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு காலியில் 1911இல் கிடைத்தது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீனப் பகுதி புத்தருக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு, தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கு, அதாவது இந்தக் கோயிலின் தெய்வத்துக்கு. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல். கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்து தேய்ந்திருக்கிறது, கண்ணாடி எடுத்துப் போங்கள்.

அறுநூறு வருடமாக இந்த முனையைக் கடக்கிற கப்பற்படைகள் கரையைக் கவனித்து நடந்துகொண்டன என்பதற்காக மட்டும் இதைச் சொன்னேன். மேலே வாதிட நினைப்பவர்கள் வரலாற்றுப் பிரிவுக்குப் போகலாம்.

ஜனவரி 21

“இத்தனை வருடம் கப்பல் ஓடியும் அழியவில்லையே, இப்போது என்ன அவசரம்” என்ற வாதத்துக்கு. அழியவில்லை என்பதே அரைகுறைச் செய்தி. 1963 முதல் 1966 வரை சோவியத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அண்டார்டிகாவுக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் வட இந்து சமுத்திரத்தில் 1,294 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. சட்டவிரோதமாக, பொய்க்கணக்குக் கொடுத்து. சோவியத் ஒன்றியம் சிதைந்த பிறகு அந்நாட்டு உயிரியலாளர்களே உண்மையான ஏடுகளை வெளியிட்டபோதுதான் தெரிந்தது. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயம் ஆனது. எறியீட்டிக்கு எதிரான சரணாலயம் அது. கப்பலின் முகப்பு அதில் வராது.

இறந்த கணக்கைக் கேட்கிறீர்கள். கரையொதுங்கியவை மட்டுமே கணக்கில் வரும். நீலத் திமிங்கிலம் செத்தால் பெரும்பாலும் மூழ்கிவிடும். முனைக்கு வெளியே ஆழம் ஆயிரக்கணக்கான மீட்டர். மோதிய கப்பலுக்கும் தெரியாது: சரக்கோடு இரண்டு லட்சம் டன் எடையுள்ளதற்கு, நூறு டன்னுக்கு உட்பட்ட ஒன்று முட்டினால் காபிக் கோப்பைகூட ஆடாது.

நான் இருந்த கப்பல் எதையும் மோதியதில்லை என்று சொல்ல ஆசைதான். சொல்லமுடியாது.

ஜனவரி 28

பாதையை நகர்த்துவதே ஒரே வழி என்று 13ஆம் தேதி அழுத்தமாக எழுதினேன். கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்த நண்பர் தொலைபேசியில் கேட்டார்: “கடந்துபோகிறவனைத் தெற்கே தள்ளிவிட்டாய், கொழும்புக்கு வருகிறவனை?” நியாயம். சென்னையிலிருந்தும் சிட்டகாங்கிலிருந்தும் கொழும்புக்குச் சரக்குக் கொண்டுவரும் சின்னக் கப்பல்கள் தீவைச் சுற்றித்தான் ஆகவேண்டும். அவர்களுக்கு வேகக் குறைப்புதான் வழி. 2007இல் வந்த ஓர் ஆய்வின்படி, 15 நாட் வேகத்தில் மோதினால் திமிங்கிலம் சாகும் வாய்ப்பு எண்பது சதவீதத்தை ஒட்டி. 11.8 நாட் வேகத்துக்குக் கீழே அது பாதிக்கும் குறைவு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை, குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டும், 10 நாட். செய்யக்கூடியதே.

ஆனாலும் வரிசையை மாற்றமாட்டேன். முதலில் பாதை, பிறகு வேகம். வேகக் கட்டுப்பாட்டைத் தினமும் யாராவது கண்காணிக்க வேண்டும். பாதையை ஒருமுறை சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) அச்சிட்டுவிட்டால் நான் உட்பட எல்லாச் சோம்பேறிகளும் அதன்மேல்தான் போவோம்.

பிப்ரவரி 4

செங்கடலில் யேமனின் ஹூதிப் படையினர் தாக்குவதால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகின்றன, திமிங்கிலங்களுக்கு நல்ல காலம்தானே என்று ஒரு குறும்பர். மலாக்காவிலிருந்து நன்னம்பிக்கை முனைக்குப் போகிறவன் இலங்கையைத் தொடவே வேண்டியதில்லை, அதுவரை சரி. ஆனால் கொழும்பில் சரக்கு மாற்றுகிறவர்களும் வளைகுடா எண்ணெய்க் கப்பல்களும் வந்துகொண்டேதான் இருப்பார்கள். சூயஸுக்கு ஐந்து மைல் கூட்ட மாட்டோம் என்றவர்கள் இப்போது ஆயிரக்கணக்கான மைல் சுற்றுகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 11

கைவிடப்பட்ட வலை, பிளாஸ்டிக், கடலடி இரைச்சல், சூடாகும் கடல் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று ஒரு நீண்ட கண்டனம். விடவில்லை, வரிசைப்படுத்துகிறேன். 2021இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பல் எரிந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகளை எல்லோரும் பார்த்தோம். அந்தக் கடலுக்கு ஆயிரம் நோய் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு மருந்தே இல்லை. ஒரு மனுவில் தீரக்கூடியதை முதலில் தீர்க்கச் சொல்கிறேன்.

பிப்ரவரி 18

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்: “அப்படியானால் திரும்பவும் போகலாம் என்கிறீர்களா?”

போங்கள். படகை மட்டும் பார்த்து எடுங்கள். எவ்வளவு தூரத்தில் எஞ்சினைக் குறைப்பீர்கள் என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். “பக்கத்தில் கொண்டுபோகிறேன் சார்” என்று பதில் வந்தால் வேறு படகு. காசு கொடுப்பவர் துரத்தச் சொல்லாவிட்டால் ஓட்டுபவர் துரத்தமாட்டார். இந்தத் தொழில் முற்றிலும் நின்றுபோனால், அந்தக் கடலில் திமிங்கிலம் இருக்கிறது என்று அரசிடம் பேச ஊரில் ஆளே இருக்கமாட்டார்கள்.

மார்ச்சுக்குப் பிறகு என்றால் தெற்கே வேண்டாம், திருகோணமலை. அங்கும் ஆழமான பள்ளத்தாக்கு கரைவரை வருகிறது. 1980களின் தொடக்கத்தில் ‘டுலிப்’ என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் நீலத் திமிங்கிலங்களை அங்கேதான் பார்த்து எழுதினார்கள். பிறகு போர் வந்து எல்லாம் நின்றது. கோணேசர் கோயில் பாறையிலிருந்தே சில நாள் மூச்சு எழுவது தெரியும் என்பார்கள். தரிசனத்துக்கும் டிக்கெட் இல்லை, இதற்கும் இல்லை.

பிப்ரவரி 19

ஒன்று மறந்துபோனேன். கப்பல்கள் இருக்கும் இடத்தை நேரடியாகக் காட்டும் இணையதளங்கள் இருக்கின்றன. இலங்கையின் தெற்கு முனையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரையை ஒட்டி இரண்டு வரிசை நெரிசல் தெரியும். அதற்கு வெகு தெற்கே தனியாகப் போகிற அம்புக்குறிகளைச் சொடுக்கினால் எம்.எஸ்.சி. என்று தொடங்கும் பெயர்கள் வரும். வடக்கே நெரிசலில் போகிற கம்பெனிகளின் பெயரைக் குறித்துக்கொண்டு, அவர்கள் இணையதளத்தில் ‘கடலைக் காப்போம்’ பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே பக்கத்தில் கொடுத்திருக்கும் மின்னஞ்சலுக்குப் படத்தோடு எழுதுங்கள். நான் இருவருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே ஒட்டுகிறேன்.